மூன்றாவது தேசம்

சென்ற தவணை முடிவில் உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஒரு கட்டுரை கொடுத்திருந்தேன். ‘அகதிகளுக்கு நிலையான தீர்வு’ என்பது தலைப்பு. சொந்த நாட்டுக்குத் திரும்புதல், தஞ்சம் புகுந்த நாட்டிலேயே வேரூன்றுதல், மூன்றாவது நாடொன்று ஏற்றுக்கொள்ள அங்கே சென்று குடியமர்தல் என ஐக்கிய நாடுகள் சபையின் அகதிகள் உயர் ஸ்தானிகராலயம் வகுத்துள்ள மூன்று வழிகளையும் முன்னரே வகுப்பில் விளக்கியிருந்தேன். மூன்றாவது வழியைத் தமிழிலே ‘மீள்குடியேற்றம்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நானும் அச்சொல்லையே கரும்பலகையில் எழுதினேன்.

ஒரு மாணவன் எழுதியிருந்தது இது: மீள்குடியேற்றமாவது, பற்றை மூடிய வளவைத் துப்புரவாக்கி, தூர்ந்த கிணற்றை இறைத்து, கூரையில்லாத சுவர்களுக்கு மேலே தறப்பாள் கட்டி, மறுபடியும் அங்கே இருத்தல். நான் அதன் கீழே சிவப்பு மையாற் கோடிட்டு, ‘பொருள் பிழை’ என்று எழுதிப் புள்ளியையும் குறைத்துவிட்டேன். மறுநாள் அவன் தாளுடன் ஆசிரியர் அறைக்கு வந்தான். “சேர், எங்கள் வீட்டிலே மீள்குடியேறினது எண்டால் அம்மா ஒரு தேதி சொல்லுவா. அண்டைக்குத்தான் நாங்கள் எங்கடை காணிக்குத் திரும்பிப் போனது” என்றான். அவன் குடும்பத்தார் இருபது வருஷத்துக்கு மேல் முகாமிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தவர்கள்.

அவன் சொன்னது சரி. நான் வகுப்பிற் சொன்னதும் சரியே. போன வழியே திரும்பி வருதலையும் ஒருபோதும் திரும்பாமற் போதலையும் நாம் ஒரே சொல்லாற் சுட்டிக்கொண்டிருக்கிறோம். இரண்டாவது பொருளிலே அது எத்தகைய தீர்வு, எவ்வளவு காலம் நிலைக்கும் தீர்வு என்பதை அவனுக்குச் சொல்ல முயன்றபோது எனக்கு நினைவுக்கு வந்தவர்கள் பூட்டான் நாட்டு அகதிகள். முகாமிலிருந்த ஒரு சமூகம் ஏறத்தாழ முழுமையாகவே கடல் கடந்து குடியமர்த்தப்பட்ட கதை அவர்களுடையது. நமது தென்னாசியாவிலேயே நடந்ததாயினும் நம்மவர் பலர் அறியாதது. ஆதலால் இந்த வாரம் அதனையே எழுதுகிறேன்.

பூட்டான் இமயமலைச் சாரலிலுள்ள ஒரு சிறு முடியரசு. ‘மொத்தத் தேசிய மகிழ்ச்சி’ என்னுங் கோட்பாட்டை உலகுக்கு அளித்த நாடு என்று அதனைப் பாராட்டாத பத்திரிகை இல்லை. அந்நாட்டின் தென்புறத்து அடிவாரங்களிலே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் நேபாளத்திலிருந்து வந்து காடு திருத்திக் குடியேறிய உழவர்களின் சந்ததியார் வாழ்ந்தனர். நெல், தோடை, ஏலம், கமுகு என்பன அவர்களின் பயிர்கள். பேசியது நேபாள பாஷை, பெரும்பாலோர் இந்துக்கள். தெற்கத்தியார் என்னும் பொருளில் அவர்களை ‘லோத்சம்பா’ என்று அழைத்தனர். 1958 ஆம் ஆண்டுச் சட்டம் அவர்களுக்குக் குடியுரிமையும் வழங்கிற்று.

ஆயினும் ஆட்சி செலுத்தியோர் மனத்திலே ஓர் அச்சம் இருந்தது. அயலிலுள்ள சிக்கிம் இராச்சியத்திலே நேபாள பாஷை பேசுவோர் பெரும்பான்மையினராயிருக்க, 1975 இல் அவ்விராச்சியம் இந்தியாவுடன் இணைந்து அரச வம்சமே பதவியிழந்ததை அவர்கள் கண்டிருந்தார்கள். அச்சத்துக்குக் காரணம் இல்லையென்று நான் சொல்லமாட்டேன். அதற்கு மருந்தென்று அவர்கள் கையாண்டதுதான் கொடியது. 1985 இல் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தது. 1988 இல் தென் மாவட்டங்களிலே குடிசன மதிப்பெடுத்து மக்களை ஏழு வகுப்பாகப் பிரித்தனர். முதலாம் வகுப்பார் உண்மைப் பூட்டானியர். ஏழாம் வகுப்பார் அந்நியர். பூட்டானியரை மணந்த பிறநாட்டுப் பெண் நான்காம் வகுப்பு. ஆகவே ஒரே அடுப்பிற் சமைத்து உண்டவர்கள் வெவ்வேறு வகுப்பினராயினர். 1958 ஆம் ஆண்டின் இறுதிக்குள் நாட்டிலே வதிந்தமைக்கு அத்தாட்சி வேண்டும் என்றார்கள். அக்காலத்து நிலவரிப் பற்றுச்சீட்டைக் காட்டும்படி கேட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டின் சீட்டை வைத்திருந்தோருந் தள்ளப்பட்டனர் என்று அகதிகள் பலர் சாட்சி கூறியுள்ளனர். முப்பது வருஷத்துக்கு முந்திய வரிச்சீட்டைக் கேட்டால் நம்முள் எத்தனை பேர் எடுத்துக் காட்டுவோம்? காகிதம் இல்லாமையால் ஒருவன் தான் பிறந்த மண்ணிலே அந்நியனாவது எவ்வாறென்பதை நமது மலைநாட்டு வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அரச ஆலோசனைச் சபையிலே அம்மக்களுக்காகப் பேசிய தேக்நாத் ரிசால் 1988 இல் மன்னரிடம் மனுக் கொடுத்தார். பின்னர் அவர் பத்து வருஷம் சிறையிலிருந்தார். வடக்கத்தியாரின் உடை எல்லோருக்கும் கட்டாயமாயிற்று. பாடசாலைகளிலிருந்து நேபாள பாஷை நீக்கப்பட்டது. 1990 இல் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. அதன்பின் கைதுகளும் சித்திரவதைகளும் வெளியேற்றமும் தொடர்ந்தன. ‘என் சுய விருப்பின் பேரில் நாட்டைவிட்டுப் போகிறேன்’ என்னும் படிவத்திலே கையொப்பம் வாங்கினார்கள். படம் பிடிக்கும்போது சிரிக்கும்படி சொன்னார்கள் என்று வெளியேறியவர்கள் கூறியிருப்பதை வாசித்த நாள் தொடக்கம், அரசாங்கப் படிவங்களிற் காணும் ‘சுய விருப்பு’ என்னுஞ் சொல்லிலே எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது.

இந்தியா அவர்களைத் தன் மண்ணிலே தங்கவிடவில்லை. லொறிகளில் ஏற்றி நேபாள எல்லையிலே விட்டார்கள். 1991 இல் மாய் ஆற்றங்கரை மணலிலே கொட்டில் கட்டியிருந்தபோது நோயினாலும் பட்டினியாலும் பலர், சிறப்பாகக் குழந்தைகள், மாண்டனர். பின்னர் ஐ.நா. நிறுவனங்கள் வந்து, ஜாப்பா, மொரங் மாவட்டங்களில் ஏழு முகாம்கள் அமைந்தன. மூங்கிற் சுவர், கிடுகு போன்ற புற்கூரை, அளந்து கொடுக்கும் அரிசி பருப்பு. நிலம் வாங்கவோ சட்டப்படி தொழில் செய்யவோ உரிமையில்லை. 2007 அளவிலே முகாம்களில் இருந்தோர் 107,000 க்கு மேல். பூட்டானின் சனத்தொகையில் ஆறிலொரு பங்கினர் வெளியேறினர் என்று கணக்கிடுவாருமுண்டு.

ஆசிரியனாகிய என் மனத்தைத் தொட்டது அம்முகாம்களின் கல்விதான். மூங்கிற் கொட்டில்களிலே பல்லாயிரம் பிள்ளைகளுக்குப் பாடசாலை நடந்தது. படிப்பித்தவர்களும் அகதிகளே. ஆங்கிலமும் நேபாள பாஷையும் கற்பித்ததோடு, தங்களைத் துரத்திய அரசின் பாஷையாகிய சொங்காவையும் கற்பித்தார்கள். காரணம் எளியது. நாளைக்குத் திரும்பிப் போனால் பிள்ளைகள் பின்தங்கிவிடக் கூடாது. பாடத்திட்டத்தையே வீடு திரும்பும் மூட்டையாகக் கட்டி வைத்திருந்த சமூகம் அது.

அந்த மூட்டையை அவிழ்க்கும் நாள் வரவில்லை. 1993 தொடக்கம் பத்து வருஷமாக நேபாளமும் பூட்டானும் சுற்றுச் சுற்றாகப் பேசின. 2001 இல் குதுனாபாரி என்னும் ஒரு முகாமில் மாத்திரம் இரு நாட்டு உத்தியோகத்தரும் சேர்ந்து வீடு வீடாக விசாரித்தனர். 2003 இல் வெளிவந்த முடிவின்படி, விசாரிக்கப்பட்ட ஏறத்தாழ 12,000 பேருள் பலாத்காரமாக வெளியேற்றப்பட்ட உண்மைப் பூட்டானியர் 293 பேர். நூற்றுக்கு எழுபது பேர் ‘தாமாகவே வெளியேறியவர்’. முன்பு எடுத்த சிரித்த படங்களுக்கு அப்போது பயன் கிடைத்தது. அந்த ஆண்டு இறுதியிலே முகாமில் கலவரம் மூண்டு பூட்டான் உத்தியோகத்தர் திரும்பிச் சென்றனர். அத்தோடு அம்முயற்சி நின்றது. நேபாளமும் அவர்களுக்குக் குடியுரிமை வழங்க இசையவில்லை.

முதலிரண்டு வழிகளும் இவ்வாறு அடைபட்ட பின்னர், 2006 ஒக்டோபரில் அமெரிக்கா 60,000 பேர் வரை ஏற்க முன்வந்தது. கனடா, அவுஸ்திரேலியா, நியூசீலாந்து, நோர்வே, டென்மார்க், நெதர்லாந்து, பிரித்தானியா ஆகியனவுஞ் சேர்ந்துகொண்டன. இச்செய்தி கேட்டு முகாம்களெல்லாம் மகிழ்ச்சியில் மூழ்கியிருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். நடந்தது அதுவன்று. 2007 மே மாதத்திலே போவோம் என்றவர்களுக்கும் போகக் கூடாது என்றவர்களுக்கும் பெல்டாங்கி முகாமிலே சண்டை மூண்டது, பொலிஸார் சுட்டனர், உயிரும் போயிற்று.

போகக் கூடாது என்றவர்களை மூடர் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. திருடனிடமிருந்து பொருளை மீட்காமல், பறிகொடுத்தவனுக்கு வேறொருவர் புதுப்பொருள் வாங்கிக் கொடுத்துவிட்டால் களவு வழக்கு என்னாவது என்பதே அவர்களின் கேள்வி. நாங்கள் உலகமெங்கும் சிதறிவிட்டால் எங்களைத் துரத்தியது துரத்தியவர்களுக்கு இலாபமாய் முடியும் என்றார்கள். அப்படியே முடிந்தது. முகாம்களிலிருந்த எவரையும் பூட்டான் அதிகாரபூர்வமாகத் திரும்ப ஏற்கவில்லை. ஏற்கும்படி கேட்ட குரல்களும் முகாம்கள் வெறுமையாக வெறுமையாகத் தேய்ந்தன.

ஆனால் போவோம் என்றவர்களின் பக்கத்திலே ஒரு கணக்கு இருந்தது. 1992 இல் முகாமிற் பிறந்த குழந்தைக்கு அப்போது பதினைந்து வயது. எத்தனை வயது வரை அப்பிள்ளை வழக்கின் சாட்சிப் பொருளாக மூங்கிற் கொட்டிலில் இருப்பது? 2008 மார்ச் மாதத்தில் கோல்தாப் முகாம் பெரும்பாலும் எரிந்து போயிற்று. வாதத்தை நெருப்பு ஓரளவு முடித்து வைத்தது எனலாம். பெயர் பதிவோர் வரிசை நீண்டது.

2007 இறுதியில் இத்திட்டம் தொடங்கிற்று. நேர்காணல், மருத்துவப் பரிசோதனை, பாதுகாப்பு விசாரணை. பின்னர், விமானத்தில் எப்படி இருப்பது, மின்சார அடுப்பை எப்படி மூட்டுவது என்று படிப்பிக்கும் சில நாள் வகுப்பு. அமெரிக்கா சென்றவர்கள் விமானச் சீட்டின் விலையை வட்டியில்லாக் கடனாக ஏற்றுக் கையொப்பமிட்டார்கள். போய்ச் சேர்ந்து ஆறு மாதத்தின்பின் அதனைக் கட்டத் தொடங்கல் வேண்டும். 2015 இலே ஒரு லட்சமாவது ஆள் புறப்பட்டார். முடிவிலே தொகை 113,000 ஐக் கடந்தது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் சேர்ந்தது அமெரிக்காவிலே. கனடாவும் அவுஸ்திரேலியாவும் ஒவ்வொன்றும் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோரை ஏற்றன. உலகத்து அகதிகளுள் ஓராண்டில் நூற்றுக்கு ஒருவருக்குக்கூட இத்தகைய வாய்ப்புக் கிட்டுவதில்லை என்பதை இங்கே மறத்தலாகாது. அகதியை ஏற்றுக் குடியமர்த்தும்படி எந்த நாட்டையும் கட்டாயப்படுத்தும் சட்டமுமில்லை. அது விருந்தளிக்கும் நாட்டின் மனத்தைப் பொறுத்தது.

சென்றவர்கள் நன்றாகவே முன்னேறினார்கள் என்பதைச் சொல்லவேண்டும். ஒஹாயோவின் அக்ரன், கொலம்பஸ், பென்சில்வேனியாவின் பிற்ஸ்பேர்க், ஹரிஸ்பேர்க், கனடாவின் லெத்பிரிட்ஜ் முதலிய நகரங்களிலே அவர்களின் கடைகளும் வீடுகளும் கோவில்களும் உள்ளன. ஆட்கள் குறைந்து சோர்ந்துகிடந்த அக்ரனின் வடபகுதி இவர்களால் மீண்டும் களைகட்டிற்று. பிள்ளைகள் பட்டம் பெற்றுத் தாதியராகவும் பொறியியலாளராகவும் இருக்கிறார்கள்.

பெரியவர்களின் கதை வேறு. ஆயுள் முழுவதும் மண்ணைக் கிளறியவர், குளிர் நாட்டிலே மாடிக் குடியிருப்பின் யன்னலருகே இருக்கிறார். மகனும் மருமகளும் பண்டசாலையிலோ இறைச்சி பதனிடும் ஆலையிலோ மாறிமாறி இரவும் பகலும் வேலை. பேரப்பிள்ளை பேசும் பாஷை விளங்காது. வீட்டிலே ஒருவர் இறந்தால் பதின்மூன்று நாட் துடக்குக் காக்கவேண்டும். தொழிற்சாலையோ அவ்வளவு நாள் விடுமுறை தராது. முகாமிலே வறுமை இருந்தது, ஆனால் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் மனிதர் இருந்தார்கள். 2009 தொடக்கம் 2012 வரையான மூன்று வருஷத்திலே அமெரிக்காவிற் குடியேறிய பூட்டானியருள் பதினாறு பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர் என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு நிலையம் ஆராய்ந்து அறிவித்தது. அவர்களின் தொகைக்கு அது மிக அதிகம். தொழிலின்மை, பாஷை தெரியாமை, குடும்பத்தைத் தாங்க முடியவில்லையே என்னும் ஏக்கம் ஆகியன காரணங்களுட் சில. கடல் கடந்த பிள்ளைகளிடம் போய்த் தங்கியிருக்கும் நமது பெற்றோர்களின் கடிதங்களை வாசித்தவர்களுக்கு இதிற் பாதி விளங்கும்.

இனி, காகிதத்துக்கு வருகிறேன். இவர்களின் துன்பம் ஒரு பற்றுச்சீட்டிலே தொடங்கிற்றல்லவா? அமெரிக்காவிலே ஐந்து வருஷம் வாழ்ந்தபின் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் வாசித்து, எழுதி, அரசியல் வினாக்களுக்கு விடை சொல்லல் வேண்டும். வறிய முதியோருக்கு அரசு கொடுக்கும் உதவிப்பணம் அகதிகளுக்கு ஏழு வருஷத்துடன் நின்றுவிடும்; குடியுரிமை பெற்றாலே தொடரும். எந்த பாஷையிலும் எழுத்தறியாத எழுபது வயதுப் பாட்டிக்கு இரண்டுக்கும் இடையே இருப்பது இரண்டு வருஷம். கோவில் மண்டபங்களிலும் சமூக நிலையங்களிலும் வகுப்பு வைத்துத் தொண்டர்கள் அவர்களுக்கு அரிச்சுவடி தொடக்கம் கற்பித்தார்கள். சொங்காவைப் படித்துக் காத்திருந்த சமூகம் இப்போது வாஷிங்டனின் பெயரை எழுத்துக் கூட்டிற்று. தேறியவர்கள் கையிலே, பலருக்கு வாழ்நாளில் முதன்முறையாக, ‘நீ இந்நாட்டவன்’ என்று சொல்லும் பத்திரம் வந்தது.

என் அபிப்பிராயத்தில், குடியமர்வு நிலையான தீர்வாவது அந்தப் பத்திரம் கைக்கு வரும் நாளிலேதான். விமானம் ஏற்றுவதோடு கோப்பை மூடிவிடுகிற வழக்கம் தவறு. 2025 மார்ச்சு மாதத்திலே இது கண்கூடாயிற்று. குடியுரிமை பெறாமல் நிரந்தர வதிவிட உரிமையோடு மாத்திரம் இருந்தவர்களுள், குற்றத் தீர்ப்புப் பெற்றிருந்த சிலரை அமெரிக்கா பிடித்துப் பூட்டானுக்கு அனுப்பத் தொடங்கிற்று. குற்றஞ் செய்தவர்களுக்காக நான் வாதாடவில்லை. அதற்குத் தண்டனை நீதிமன்றம் விதிப்பது. ஆனால் அவர்களை எந்த நாட்டுக்கு அனுப்புவது? அவர்களை அகதிகள் என்று ஏற்றுக்கொண்டதே, பூட்டான் அவர்களைத் தன் மக்களல்லர் என்று சொன்னமையால் அல்லவா? பூட்டானும் முன்னர் சொன்னதை மாற்றவில்லை. வந்தவர்களை விசாரித்து, ஒரு நாளளவில் இந்திய எல்லைக்குக் கொண்டுபோய் விட்டது. அவர்களிற் சிலர் இந்தியாவைக் கடந்து நேபாளத்துக்குட் புகுந்தனர். அனுமதியின்றி நுழைந்த குற்றத்துக்காக நேபாளப் பொலிஸார் நால்வரைக் கைது செய்தனர். விஷயம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1991 இல் தகப்பன்மார் லொறியிலே வந்த வழியில், மக்கள் மறுபடியும் வந்து சேர்ந்தார்கள். மூவர் பிடிபட்ட இடம் பெல்டாங்கி முகாம்.

முகாம் இன்னும் இருக்கிறதா என்று வாசகர்கள் கேட்கலாம். ஏழிலே இரண்டு எஞ்சின. ஏறத்தாழ 6,500 பேர் அவற்றிலே தங்கிவிட்டனர். சிலர் பதிவு தவறியவர்கள். சிலர் குடும்பச் சிக்கலில் அகப்பட்டவர்கள். சிலர், எந்த நாடு அழைத்தாலும் தங்கள் தோடந்தோட்டத்துக்கே போவோம் என்று பெயர் கொடுக்க மறுத்த முதியவர்கள். இதற்கிடையே 2023 இலே நேபாளத்தில் ஒரு விநோத வழக்கு வெளிப்பட்டது: நேபாளக் குடிமக்களையே பூட்டான் அகதிகளாக்கி அமெரிக்காவுக்கு அனுப்புவதாகக் கூறிப் பெருந்தொகை பணம் பறித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. முன்னாள் அமைச்சர்களும் கைதாயினர். ஒரு பக்கத்திலே குடிமகனாகும் ஏக்கம். மறுபக்கத்திலே பணங்கொடுத்து அகதியாகும் ஆசை. நகைப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

இவ்வளவையும் அந்த மாணவனுக்குச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, “சேர், அந்த ஆறாயிரத்து ஐந்நூறு பேரும் மீள்குடியேற்றம் எண்டு சொன்னால், நீங்கள் சொன்னதைச் சொல்லுவினமோ, நான் எழுதினதைச் சொல்லுவினமோ?” என்று கேட்டான். அவன் தாளை வாங்கி, ‘பொருள் பிழை’ என்று எழுதியிருந்ததை வெட்டிவிட்டுக் குறைத்த புள்ளியைப் போட்டுக் கொடுத்தேன்.